பழைய பிக்அப்: பெட்ரோல் முள் பொய் சொன்னால், டேங்க் நிரம்ப மறுத்தால் எங்கிருந்து பார்ப்பது?

முள் பாதியில் நிற்கிறது, வண்டியோ பெட்ரோல் இல்லாமல் நடுவழியில் நின்றுவிட்டது. இல்லையென்றால், பங்கில் நாசிலைச் செருகிய மறுநொடியே 'டக்' என்று கட் ஆகிறது. பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிக்க, நாம் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருக்கிறோம். பழைய பிக்அப் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றாவது பழகிப்போயிருக்கும். எது வந்தாலும் மனசு உடனே டேங்க் பக்கம்தான் ஓடும். உள்ளே ஏதோ போய்விட்டது, இறக்கிப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று.

நானும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்து டேங்கை இறக்கினேன். புது ஃப்ளோட் யூனிட் (டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் பாகம்) போட்டு, மறுபடி ஏற்றி, சாவியைத் திருப்பினால் முள் பழையபடியே கிடக்கிறது. கடைசியில் பார்த்தால், சேஸிஸில் ஒரு போல்ட்டுக்கு அடியில் மாட்டியிருந்த எர்த் ஒயரின் முனை பச்சை பூத்து, துருவோடு ஒட்டிப்போயிருந்தது. சுரண்ட ஐந்து நிமிஷம் ஆனது. கழற்றிப் போட்ட பழைய யூனிட் இன்னும் என் ஷெல்ஃபில் இருக்கிறது, பழுது எதுவும் இல்லாமல்.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். டேங்கை இறக்குவது கடைசி.

முதலில் பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய், சற்றுத் தள்ளியிருக்கும் அடுப்பு, வெல்டிங், ஹீட்டர் எதிலும் பற்றிக்கொள்ளும். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வண்டிக்கு மறுபக்கத்தில் அல்ல. குண்டு பல்பு போட்ட கைவிளக்கு வேண்டவே வேண்டாம். விழுந்து உடைந்தால் அந்த இழையே நெருப்பு. மூடிய எல்.இ.டி டார்ச் போதும்.

மின் சோதனைகளில் ஒயரை இணைப்பதும் பிரிப்பதும் சாவி ஆஃப் நிலையில். இணைத்த பிறகு சாவியைத் திருப்புங்கள். டேங்க் வாயருகே பொறி வராமல் இருக்க இந்த ஒரு பழக்கம் பெரிய உதவி. டேங்கையே கழற்றும் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

பிக்அப்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: லோடு பாடியில் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால், கேனை அதன்மேல் வைத்து பெட்ரோல் பிடிக்கக் கூடாது. நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் கேனிலேயே தங்கி, நாசில் நெருங்கும்போது பொறியாகப் பாயும். கேனைக் கீழே தரையில் இறக்கி வைத்துப் பிடியுங்கள்.

முள் எப்படி நகர்கிறது

டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் ஃப்ளோட் மிதக்கிறது. கம்பியின் மறுமுனை ஒரு ரெசிஸ்டர் பட்டையின்மேல் உரசி நகர்கிறது. பெட்ரோல் மட்டம் மாறினால் ஓம்ஸ், அதாவது மின்தடையின் அளவு, மாறும். டேஷ்போர்டிலிருந்து ஒரு ஒயர் வந்து, அந்த ரெசிஸ்டர் வழியாகப் போய், சேஸிஸ் எர்த்தில் முடிகிறது. அவ்வளவுதான் சுற்று: மீட்டர், ஒயர், ரெசிஸ்டர், எர்த். இதில் எந்த இடத்தில் துரு சேர்ந்தாலும் அது கூடுதல் ஓம்ஸாகத்தான் மீட்டருக்குத் தெரியும்.

இங்கேதான் ஒரு முக்கியமான வித்தியாசம். 1960-களின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் வந்த ஷெவர்லே, ஜிஎம்சி பிக்அப்களில் காலி என்றால் 0 ஓம்ஸ், ஃபுல் என்றால் 90. அப்படியானால் எர்த் கெட்டால் முள் மேலே ஏறும்: டேங்க் வற்றிக்கொண்டிருக்கும்போது அரை டேங்க் காட்டும். பழைய ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகளில் இது நேர்மாறு. காலிக்கு ஏறக்குறைய 73, ஃபுல்லுக்கு 10. அங்கே அதே கெட்ட எர்த் முள்ளைக் கீழே இழுக்கும். டேங்கில் இருந்தும் இல்லை என்று சொல்லும். ஒரே துரு ஒரு வண்டியில் நடுவழியில் நிறுத்துகிறது, இன்னொரு வண்டியில் வெறுமனே பயமுறுத்துகிறது.

1987-க்குப் பிந்தைய ஃபோர்டு பிக்அப்களில் காலிக்கு 16, ஃபுல்லுக்கு 158 என்று கணக்கே திரும்பிவிட்டது. ஜப்பானிய பிக்அப்களில் பெரும்பாலும் காலிக்கு நூறை ஒட்டிய ஓம்ஸ், ஃபுல்லுக்கு ஒற்றை இலக்கம். தனியாக வாங்கிப் பொருத்தும் மீட்டர்களில் 240-லிருந்து 33 வரை என்பது அதிகம் புழங்கும் கணக்கு. யாரோ முன்பு மீட்டரையோ யூனிட்டையோ மட்டும் மாற்றியிருந்தால், இரண்டும் இரண்டு கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம். அந்த ஜோடியை எவ்வளவு சுத்தம் செய்தாலும் சரியாகாது. உங்கள் வண்டிக்கான எண்களை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

படி 1: பக்கத்து முள்ளையும் பாருங்கள்

பெட்ரோல் முள்ளோடு சேர்ந்து டெம்பரேச்சர் முள்ளும் கிறுக்குத்தனம் செய்கிறதா? அப்படியானால் டேங்கை மறந்துவிடுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர் உண்டு. அது 12 வோல்ட்டைத் துடிப்புத் துடிப்பாக வெட்டி, சராசரியாக 5 வோல்ட் அளவில் மீட்டர்களுக்குக் கொடுக்கும். அது ஒட்டிக்கொண்டால் எல்லா முள்ளும் மேலே பாயும். செத்துப்போனால் எல்லாம் படுத்துவிடும். ஃப்யூஸையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் முள் மட்டும்தான் தப்பு என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: சுற்றை டேங்கருகே இரண்டாகப் பிரியுங்கள்

மொத்த வேலையிலும் அதிகம் பலன் தரும் சோதனை இது. டேங்குக்கு வரும் ஒயரின் கனெக்டர் பெரும்பாலும் சேஸிஸ் ஓரத்தில் இருக்கும். சாவி ஆஃப் செய்து அதைப் பிரியுங்கள். சாவி ஆன் செய்து முள்ளைப் பாருங்கள். மறுபடி ஆஃப் செய்து, டேஷ்போர்டு பக்கத்திலிருந்து வரும் முனையை ஒரு துண்டு ஒயரால் சுத்தமான சேஸிஸ் இரும்போடு இணையுங்கள். ஆன் செய்து பாருங்கள்.

0–90 கணக்கு வண்டியில், பிரித்தபோது முள் ஃபுல்லையும் தாண்டிப் போக வேண்டும், எர்த் கொடுத்தபோது காலிக்கு இறங்க வேண்டும். 73–10 கணக்கில் இது தலைகீழ். பழைய வெப்பமுள் வகை மீட்டர்கள் மெதுவாகத்தான் நகரும். பதறாமல் அரை நிமிஷம் கொடுங்கள். ஆனால் அந்த வகைக்கு நேரடி எர்த் கொடுத்து அப்படியே விட்டுவிடக் கூடாது, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடேறிக் கெடும். நடுவில் ஒரு 10 ஓம்ஸ் ரெசிஸ்டரைப் போட்டுக்கொண்டால் கவலையில்லை.

முள் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போய்வந்தால் மீட்டரும் நீள ஒயரும் நல்ல நிலையில் இருக்கின்றன. பழுது டேங்க் பக்கம். போகவில்லை என்றால் பழுது முன்பக்கம்: பாதியில் அறுந்த ஒயர், டேஷ்போர்டு மீட்டரின் பின்னால் தளர்ந்த நட்டு, அல்லது அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய செம்புத்தாள் சர்க்யூட்டில் ஒரு கீறல். அந்தச் செம்புத்தாள் பழைய வண்டிகளில் காய்ந்த இலை மாதிரி நொறுங்கும், இழுத்துக் கழற்றாதீர்கள்.

படி 3: எர்த்

இதற்குத்தான் என் ஞாயிற்றுக்கிழமை போனது. யூனிட்டின் மேல்தட்டிலிருந்து ஒரு எர்த் ஒயர் சேஸிஸுக்குப் போகும். சில வண்டிகளில் தனி ஒயர் இருக்காது, டேங்கின் இரும்புப் பட்டையே எர்த். பிளாஸ்டிக் டேங்க் என்றால் ஒயர் கட்டாயம். யூனிட்டின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை மல்டிமீட்டரில் அளந்தால் அரை ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மல்டிமீட்டர் கம்பியின் சொந்த ஓம்ஸைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சுலபமான வழி, அந்த முனையிலிருந்து சுத்தமாகச் சுரண்டிய சேஸிஸ் இடத்துக்கு ஒரு தற்காலிக ஒயர் கொடுத்துப் பார்ப்பது. முள் சரியானால் கதை முடிந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் மட்டும் துரு போகாது. கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புது முனை போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.

ஒரு துப்பு: இண்டிகேட்டர் அடிக்கும்போது பெட்ரோல் முள்ளும் கூடவே தாளம் போட்டால், பின்விளக்கும் யூனிட்டும் ஒரே கெட்ட எர்த்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

படி 4: யூனிட்டை டேங்கிலேயே வைத்து அளப்பது

எர்த் நன்றாக இருந்தால், பிரித்த கனெக்டரில் டேங்க் பக்க முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். 0–90 வண்டியில் அரை டேங்குக்கு 45 பக்கத்தில் வந்தால் சரி. எல்லையே இல்லாமல் காட்டினால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. எண் நிற்காமல் தாவினால் பட்டை தேய்ந்திருக்கிறது. பின் பம்பரை இன்னொருவர் பிடித்து ஆட்டட்டும். பெட்ரோல் தளும்பும்போது எண்ணும் கூடவே அலைபாய வேண்டும். அலையாமல் ஒரே இடத்தில் நின்றால் ஃப்ளோட் மூழ்கிவிட்டது, அல்லது கம்பி எங்கோ சிக்கியிருக்கிறது.

பட்டை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி தேயாது. எப்போதும் கால் டேங்குக்கும் அரை டேங்குக்கும் நடுவிலேயே ஓடிய வண்டியில் அந்தப் பகுதிதான் முதலில் போகும். மேலேயும் கீழேயும் ஒழுங்காகக் காட்டி, நடுவில் மட்டும் முள் காணாமல் போகிறது என்றால் காரணம் இதுதான்.

இரட்டை டேங்க் வண்டிகள்

இங்கே இன்னொரு சந்தேக நபர் உண்டு: டேங்க் மாற்றும் சுவிட்ச். அது பெட்ரோலை மட்டுமல்ல, மீட்டரின் ஒயரையும் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுகிறது. ஒரு டேங்கில் முள் சரி, மறு டேங்கில் தப்பு என்றால் மீட்டரைத் தொட வேண்டியதில்லை. கனெக்டர்களை இடம் மாற்றிப் பாருங்கள். பழுது டேங்கோடு போகிறதா, சுவிட்சிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

1990-களின் தொடக்கத்து இரட்டை டேங்க் ஃபோர்டுகளில் ஒரு விநோதம் நடக்கும். ஒரு டேங்கில் ஓட்டினால் மற்ற டேங்க் தானாக நிரம்பி, மூடி வழியாக வழியும். எஞ்சினிலிருந்து திரும்பி வரும் பெட்ரோலைத் தடுத்து வழிநடத்தும் வால்வு டேங்குக்குள் இருக்கும் பம்ப் யூனிட்டிலேயே இருக்கிறது; அது கெட்டால் திரும்பும் பெட்ரோல் தவறான டேங்குக்குப் போய்விடும். முள்ளைக் குறை சொல்லிப் பயனில்லை, அது உண்மையைத்தான் காட்டுகிறது. இந்த அறிகுறி இருந்தால் வண்டியை ஓட்டாமல் முதலில் சரிசெய்யுங்கள்.

இனி, நிரம்ப மறுக்கும் டேங்க்

பெட்ரோல் உள்ளே போக வேண்டுமானால், உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வேண்டும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாசிலின் நுனியில் ஒரு சின்னத் துளை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெட்ரோல் பாயும்போது அந்தத் துளை காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோலோ நுரையோ அதை மூடினால் உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு சவ்வு இழுபட்டு, விசை விடுபடும். அதுதான் அந்த 'டக்'. டேங்க் காலியாக இருந்தாலும் வாய்க்குழாயில் பெட்ரோல் தேங்கினால் நாசிலுக்கு அது ஃபுல்தான்.

வேகமாக விட்டால் கட் ஆகிறது, மெதுவாக விட்டால் ஏறுகிறது என்றால் காற்றுக் குழாய் பாதி அடைத்திருக்கிறது. மெதுவாக விட்டாலும் எதிர்த்து வருகிறது என்றால் அது முழுக்க அடைத்திருக்கிறது, அல்லது பெட்ரோல் இறங்கும் பெரிய ஹோஸே கெட்டிருக்கிறது. எல்லா பங்கிலுமா, ஒரு பங்கில் மட்டுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கில் மட்டும் என்றால் வண்டியைத் தொடாதீர்கள்.

சக்கரத்தின் அருகே படுத்து மேலே பாருங்கள். வாய்க்குழாயிலிருந்து டேங்குக்கு ஒரு தடித்த ஹோஸும், அதை ஒட்டி விரல் தடிமனில் இன்னொரு ஹோஸும் போகும். சின்னதுதான் காற்றுக் குழாய். முதலில் அது எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா பாருங்கள். அடுத்து தொய்வு. குழாய் டேங்கிலிருந்து வாய்வரை தொடர்ந்து மேல்நோக்கியே போக வேண்டும். நடுவில் ஊஞ்சல் மாதிரித் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் ஒரு கரண்டி பெட்ரோல் தங்கும். அந்த ஒரு கரண்டி போதும், டேங்கின் மொத்தக் காற்றையும் தடுத்து நிறுத்த. லோடு பாடியை மாற்றிய, அல்லது உயர்த்திக் கட்டிய வண்டிகளில் இதுதான் வழக்கமான கோளாறு. பெரிய ஹோஸுக்கும் அதே விதி: சரிவு தொடர்ச்சியாகக் கீழே.

தொய்வு இல்லையென்றால் கிளாம்பைத் தளர்த்தி, சின்னக் குழாயை வாய்ப்பக்கத்தில் கழற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பால் மெல்ல அடியுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். கம்ப்ரஸர் வேண்டாம், டேங்க் உப்பிவிடும்; வாயால் ஊதவும் வேண்டாம். நிறைய நாள் நிறுத்தி வைத்த வண்டியானால் குளவி மண்கூடு கட்டியிருக்க வாய்ப்புண்டு. ஒரு முறை குழாய்க்குள் விட்டு நான் இழுத்த ஒயரோடு விரல் நீளத்துக்கு மண் உருளையாக வந்தது, உள்ளே காய்ந்த புழுக்களோடு. அதன் பிறகு அந்த வண்டி தண்ணீர் குடிப்பது மாதிரிக் குடித்தது.

பெரிய ஹோஸில் ஏமாற்று வேலை அதிகம். வெளியே பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே ரப்பர் படலம் உரிந்து நாக்கு மாதிரித் தொங்கும். பெட்ரோல் பாயும்போது அந்த நாக்கு எழுந்து வழியை மூடும், நின்றதும் படுத்துக்கொள்ளும். கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். மாற்றும்போது பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸ் போடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ் அளவில் பொருந்தும், ஆனால் பெட்ரோலில் ஊறிப் பெருத்து மீண்டும் இதே இடத்துக்குக் கொண்டுவந்து விடும்.

1970-களிலிருந்து பல வண்டிகளில் டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்க ஒரு கரி டப்பா உண்டு. பழைய அமைப்பில் நிரப்பும்போது வரும் காற்றின் பெரும்பகுதி வாய்க்குழாய் வழியாகவே வெளியேறும், கரி டப்பா அவ்வளவு முக்கியமில்லை. 1990-களின் இறுதியிலிருந்து வந்த அமைப்பில் மொத்தக் காற்றும் அந்த டப்பா வழியாகத்தான் போகும். அங்கே அடைத்தால் டேங்க் நிரம்பாது. டப்பாவுக்குப் போகும் ஹோஸைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு நிரப்பிப் பார்க்கலாம்; ஆவி வெளியே வரும் என்பதால் இதை பங்கில் செய்யாமல், திறந்த வெளியில் கேனிலிருந்து ஊற்றிச் செய்யுங்கள். சுலபமாக இறங்கினால் டப்பாதான். 'டக்' கேட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் என்று திணிக்கும் பழக்கம்தான் அதைப் பெரும்பாலும் கெடுக்கிறது. ஆவி போக வேண்டிய இடத்துக்குத் திரவமே போய், கரி ஊறி, உதிர்ந்து தூளாகி அடைத்துக்கொள்ளும்.

மூடியையும் விடாதீர்கள். கரி டப்பா இல்லாத பழைய வண்டிக்குத் துளையுள்ள மூடி வேண்டும். துளையில்லாத மூடியைப் போட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உருவாகும். சிறிது தூரம் ஓடியதும் எஞ்சின் திணறும். மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாயும், வண்டி மறுபடி ஓடும். இதை நாள்கணக்கில் விட்டால் தகர டேங்க் உள்வாங்கி நசுங்கும். அடிப்பகுதி மேலே வந்த டேங்கில் ஃப்ளோட் முழுதாக இறங்க இடமில்லை. பெட்ரோல் தீர்ந்தாலும் முள் கால் டேங்க் காட்டும், நிரப்பினாலும் பழைய அளவு பிடிக்காது. இரண்டு புகாரும் ஒன்றாக வந்தால் முதலில் டேங்கின் அடியைத் தடவிப் பாருங்கள். கல்லில் அடிபட்டு உள்வாங்கினாலும் இதே கதைதான்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

பிக்அப்பில் ஒரு சௌகரியம் இருக்கிறது: டேங்கை இறக்குவதற்குப் பதில் லோடு பாடியைத் தூக்கலாம். ஆறோ எட்டோ போல்ட்தான். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். வாய்க்குழாயின் ஸ்க்ரூ, பின்விளக்கு கனெக்டர், எர்த் பட்டை மூன்றையும் கழற்ற மறக்காதீர்கள். நான்கு பேர் இருந்தால் தூக்கி வைத்துவிடலாம். ஆளில்லை என்றால் டேங்க் இருக்கும் பக்கத்து போல்ட்டுகளை எடுத்து, மறுபக்கத்தைத் தளர்த்தி, பாடியை ஓரமாக உயர்த்தி, கனமான மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தும் கை நுழைக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள்.

இறக்கியே தீர வேண்டிய அமைப்பு என்றால் பெட்ரோலை முதலில் கைப்பம்பால் வெளியே எடுங்கள், வாயால் உறிஞ்சி அல்ல. ஒரு லிட்டர் முக்கால் கிலோ இருக்கும். அறுபது லிட்டர் என்றால் நாற்பத்தைந்து கிலோ, அதுவும் தளும்பும் கனம்.

யூனிட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவும் டேங்குக்குள் விழும். பூட்டு வளையத்தைப் பித்தளைத் துண்டோ கெட்டி மரத்துண்டோ வைத்துத் தட்டுங்கள். இரும்பு உளி பொறி கக்கும். வெளியே எடுத்த ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே 'களக்' என்று கேட்டால் ஓட்டை. பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஈயம் வைத்து அடைக்கலாமே என்று தோன்றும். உள்ளே சிக்கிய பெட்ரோல் சூட்டில் வெடித்துச் சிதறும். புது ஃப்ளோட் போடுங்கள்.

புது யூனிட் வாங்கினால் அப்படியே டேங்குக்குள் போட்டுவிடாதீர்கள். டேங்கிலிருந்து தள்ளி, கனெக்டரில் மாட்டி, எர்த் கொடுத்து, சாவியைத் திருப்பி, கம்பியைக் கையால் கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்துங்கள். டேஷ்போர்டு முன்னால் ஒருவர் உட்கார்ந்து கால், அரை, முக்கால் என்று சொல்லிக்கொண்டே வரட்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கம்பியின் நீளம், வளைவு ஒத்துப்பார்ப்பதும் நல்லது. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் முள்ளில் தெரியும். மூடும்போது பழைய ரப்பர் வளையத்தை மறுபடி போடாதீர்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, சமதரையில் வண்டியை நிறுத்தி, காலி டேங்கில் கேனால் பத்துப் பத்து லிட்டராக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம் விட்டு, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் நேரான பெட்டி அல்ல என்பதால் பாதி முள் என்பது பாதி பெட்ரோலாக இருக்காது. என் வண்டியில் முள் காலியைத் தொடும்போது இன்னும் ஒன்பது லிட்டர் இருக்கிறது, கால் என்றால் பதினேழு. அந்தச் சீட்டு சன் வைசருக்குப் பின்னால் செருகியிருக்கிறது.